கூலி வாங்காத காவல்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வேலையின் மதிப்பை அளக்க ஒரே கேள்விதான் உண்டு: "எவ்வளவு கொடுக்கிறாங்க?" வெல்ல மண்டியிலும் அதைக் கேட்பார்கள், கொலுசுப் பட்டறையிலும் கேட்பார்கள், லீ பஜார் மூட்டைக் கடையிலும் கேட்பார்கள். ஓய்வு பெற்ற கணவனும் மனைவியும் ஒரு கோடை முழுக்க மலைமுகாமில் தங்கி, வருகிற பயணிகளைப் பார்த்துக்கொள்ளப் போகிறோம் என்று சொன்னாலும் அதே கேள்வி வரும். "ஒன்றும் கொடுப்பதில்லை, இருக்க இடமும் சாப்பாடும்தான்" என்றதும் ஏமாளிகள் என்று தீர்ப்பாகிவிடும். சற்றுப் படித்தவர்கள் வேறு மாதிரி சொல்வார்கள்: இப்படி இலவசமாக உழைப்பவர்கள் ஓர் ஏழையின் கூலியைப் பறிக்கிறார்கள். முதல் பேச்சைக் கடைத்தெருவிலும், இரண்டாவதைக் கூட்டங்களிலும் பத்திரிகைகளிலும் கேட்கலாம். இரண்டுமே தவறு என்பது என் வாதம். இரண்டாவது நல்ல மனதில் பிறந்த தவறு என்பதால் அதற்குக் கூடுதல் மரியாதையோடு பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்த வேலை என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மறுப்பவர்களில் பெரும்பாலோர் அதை அருகிலிருந்து பார்த்ததில்லை. 1949-ல் தேசிய அமைப்பாக உருவான யூத் ஹாஸ்டல்ஸ் அசோசியேஷன் ஆஃப் இந்தியா கோடைதோறும் இமயமலையில் மலையேற்ற முகாம்கள் நடத்துகிறது. இமாச்சலப் பிரதேசத்தில் பார்வதி ஆற்றங்கரையிலுள்ள கசோலில் அடிவார முகாம். அங்கிருந்து சார் கணவாயை நோக்கி ஒரு நாள் நடைக்கு ஒன்றாக மேல்முகாம்கள். பருவம் தொடங்கிவிட்டால் ஒரு குழு போக இன்னொரு குழு வந்துகொண்டே இருக்கும். மேல்முகாமில் சமையல்காரரும் உதவியாளரும் கூலிக்கு இருப்பார்கள். கேம்ப் லீடர் மட்டும் கூலி வாங்காதவர். அமைப்பின் உறுப்பினர்களிலிருந்து வருபவர் அவர்: ஓய்வு பெற்ற வங்கி ஊழியர், பள்ளி ஆசிரியை, விடுப்பு போட்டுவிட்டு வந்த ரயில்வே குமாஸ்தா.

நானும் என் மனைவியும் அப்படி ஒரு மேல்முகாமில் ஒரு கோடையைக் கழித்தோம். மதியத்துக்கு மேல் குழு வந்து சேரும். முகாம் வாசலில் நின்று தலை எண்ண வேண்டும். குளிர்ந்த சர்பத் கொடுக்க வேண்டும். கூடாரம் பிரித்துக் கொடுக்க வேண்டும், பெண்களுக்குத் தனியாக. கம்பளியை எண்ணிக் கொடுத்து, எண்ணி வாங்க வேண்டும். தண்ணீர் எங்கே பிடிக்கலாம், இருட்டிய பிறகு எந்தப் பக்கம் போகக்கூடாது என்பதைச் சொல்ல வேண்டும். தலைவலி, வாந்தி என்று ஒதுங்கி உட்காருபவரைக் கண்டுபிடிப்பதுதான் எல்லாவற்றிலும் கடினம். இளைஞர்கள் அதை மறைப்பார்கள், திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று. உயரத்தில் காற்று மெலிவதால் வரும் தலைவலி சிலருக்கு உயிருக்கே ஆபத்தாகிவிடும். அதற்கு நம்பகமான மருந்து கீழே இறங்குவதுதான். என் மனைவி முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள். பிள்ளைகளை வளர்த்தவர்களுக்கு அது வரும். இரவில் கேம்ப் ஃபயர் உண்டு, விறகு எரிப்பது கிடையாது. விளக்கைச் சுற்றி உட்கார்ந்து பாடுவார்கள். அதன்பின் சூடான போர்ன்விட்டா, அதன்பின் விளக்கணைப்பு. காலையில் மதியச் சாப்பாட்டை டப்பாவில் போட்டுக் குழுவை அனுப்பிவிட்டு, கம்பளிகளை வெயிலில் உலர்த்தி, கழிப்பறைக் குழியில் மண் தள்ளி, சுற்றிக் கிடக்கும் மிட்டாய்க் காகிதங்களைப் பொறுக்கி முடிப்பதற்குள் அடுத்த குழுவின் முதல் தலை சரிவில் தெரியும்.

இதற்கெல்லாம் ஓர் ஆளைச் சம்பளத்துக்குப் போட்டுவிடலாமே என்பார்கள். போடலாம். போட்டால் என்ன நடக்கிறது என்பதை அதிக தூரம் போகாமலே பார்க்கலாம். மலைமேல் கூடாரம் வாடகைக்கு விடும் ஓர் இடத்தில் உறவினர்களோடு தங்கினோம். பக்கத்துக் கூடாரத்தில் நள்ளிரவு தாண்டியும் ஒலிபெருக்கி அலறியது. பாட்டில்கள் உடைந்தன. குழந்தைகள் தூங்கவில்லை. அங்கே வேலைக்கு இருந்த பையனைக் கூப்பிட்டோம். வந்தான், அந்தக் கூடாரத்தின் முன் கைகட்டி நின்றான், அவர்கள் சொன்ன வசவை வாங்கிக்கொண்டு திரும்பினான். அவன்மேல் எனக்குக் கோபமில்லை. காலையில் அவர்கள் முதலாளிக்குப் போன் போட்டு ஒரு வார்த்தை சொன்னால் அவன் வேலை போய்விடும். முதலாளிக்கோ, கத்துகிறவரும் தூங்க முயல்கிறவரும் ஒரே வாடகை கொடுப்பவர்கள். போலீஸ் வருவது மண்டை உடைந்த பிறகு. ஆக, அத்தனை பேர் தங்கியிருந்த இடத்தில் "போதும், நிறுத்துங்கள்" என்று சொல்லக்கூடிய ஒருவர்கூட இல்லை.

அப்படிச் சொல்லக்கூடியவர் யார்? அந்த இடத்தில் தங்கியிருப்பவராக இருக்க வேண்டும். வருகிறவர் கொடுக்கும் காசில் அவருக்குப் பங்கு இருக்கக்கூடாது. போனால் போகட்டும் என்று நினைக்கிற வேலையாக அது அவருக்கு இருக்க வேண்டும். ஊதியம் இல்லாமல் தங்குகிறவரிடம் இந்த மூன்றும் தாமாகவே அமைந்துவிடுகின்றன. முகாமில் விளக்கணைப்பு நேரம் தாண்டி ஆட்டம் போட்ட இளைஞர்களிடம் நான் பேசியபோது அவர்களில் ஒருவன், "நாங்க பணம் கட்டித்தானே வந்திருக்கோம்" என்றான். "நான் வாங்கலையே தம்பி" என்றேன். அதற்குமேல் பேச்சு வளரவில்லை. சம்பளம் வாங்கியிருந்தால் எனக்கு அந்தப் பதில் வாய்த்திருக்காது. கூலி வாங்காததை ஏமாளித்தனம் என்று ஊர் சொல்கிறதே, அந்த வேலைக்கு வேண்டிய அதிகாரம் முழுவதும் அதிலிருந்துதான் வருகிறது. வேறு அதிகாரம் தங்குகிறவருக்குக் கிடையாது, இருக்கவும் கூடாது.

இனி கூலிப் பறிப்புக்கு வருகிறேன். எளிதில் தள்ளிவிடக்கூடிய வாதமில்லை அது. இந்த நாட்டில் 'சேவை' என்ற பெயரைச் சொல்லி எத்தனையோ பேரின் உழைப்பை மலிவாக வாங்கியிருக்கிறார்கள். சத்துணவு, அங்கன்வாடி, ஆஷா ஊழியர்கள் எல்லாரும் 'மதிப்பூதியம்' என்ற பெயருக்கு எதிராக ஆண்டுக்கணக்கில் போராடுகிறார்கள். அவர்கள் பக்கம்தான் நியாயம். வாழ்வுக்காக வேலை செய்கிற ஒருவரைத் தன்னார்வலர் என்று அழைத்துக் கூலியைக் குறைப்பது திருட்டு. இதில் எனக்கும் மறுப்பாளர்களுக்கும் ஒரு மயிரிழை வேறுபாடும் இல்லை.

முகாமில் கூலியின்றித் தங்கும் இந்த வேலை பெரிய அளவில் வளர்ந்த நாடு அமெரிக்கா. அங்கே தேசியப் பூங்காக்களில் தன்னார்வலர்களைச் சேர்க்க 1970-ல் சட்டமானது. தேசிய வனங்களுக்கு 1972-ல். ஓய்வு பெற்ற தம்பதியர் தங்கள் வண்டிவீட்டோடு முகாம் மைதானத்தில் ஒரு பருவம் முழுக்கத் தங்குவார்கள். தங்கும் இடமும் தண்ணீரும் மின்சாரமும் இலவசம். வருகிறவர்களை வரவேற்பது, வழி சொல்வது, அடுப்புக் குழியைச் சுத்தம் செய்வது அவர்கள் பொறுப்பு. வேலையில் அடிபட்டால் அரசு ஊழியருக்குரிய இழப்பீடு உண்டு என்று அந்தச் சட்டங்களே சொல்கின்றன. பொது நிலங்களை நிர்வகிக்கும் இன்னொரு துறையான நில மேலாண்மைப் பணியகத்துக்குரிய சட்டம் இன்னும் தெளிவானது. தன்னார்வலரை ஆபத்தான பணியில் போடக்கூடாது, காவல் அதிகாரம் கொடுக்கக்கூடாது, எந்த ஊழியரையும் நீக்கிவிட்டு அந்த இடத்தில் வைக்கக்கூடாது என்று அது வெளிப்படையாகவே விதிக்கிறது. கூலி பறிபோகும் என்ற அச்சம் அவர்களுக்கும் இருந்தது. வேலையை ஒழிக்காமல் அச்சத்துக்கு வேலி போட்டார்கள்.

இதற்கு எதிராக வைக்கக்கூடிய மிக வலுவான சான்றை மறுப்பாளர்களுக்கு நானே எடுத்துக் கொடுக்கிறேன். ஜெசிகா புரூடர் 2017-ல் எழுதிய 'நோமேட்லேண்ட்' புத்தகம். பின்னால் திரைப்படமாகி 2021-ல் ஆஸ்கர் விருது வாங்கியது. வீட்டை இழந்த, ஓய்வூதியம் போதாத முதியவர்கள் வண்டியில் வாழ்ந்துகொண்டு, முகாம் மைதானங்களிலும் கிடங்குகளிலும் குறைந்த கூலிக்கு உழைப்பதை அது காட்டுகிறது. அந்த முகாம்களில் பலவற்றைத் தனியார் நிறுவனங்கள் குத்தகைக்கு எடுத்து நடத்துகின்றன. படிக்கும்போது நெஞ்சு கனக்கும் புத்தகம். ஆனால் அதில் வரும் முதியவர்கள் தன்னார்வலர்கள் இல்லை. பிழைக்க வேறு வழியில்லாமல் கூலிக்கு வந்தவர்கள். அவர்களுக்குச் சேர வேண்டியது நியாயமான கூலியும் தலைக்கு மேல் கூரையும். அவர்களைக் காட்டி, ஓய்வூதியம் வாங்குகிற, வீடு இருக்கிற, போக விருப்பமுள்ள ஒருவரைப் போகாதே என்று தடுப்பது எப்படிச் சரியாகும்? புத்தகம் நமக்குச் சொல்வது இதுதான்: இந்த வேலையை லாபம் பார்க்கும் நிறுவனத்தின் கையில் கொடுக்காதே. அதை நான் முழுமனதோடு ஏற்கிறேன். தனியார் கூடார விடுதி எதுவும் ஒரு நாளும் இலவச ஆளை வைத்துக்கொள்ளக்கூடாது. அரசு நிலத்திலும், லாபநோக்கமற்ற அமைப்பின் முகாமிலும் மட்டுமே இது நடக்கலாம்.

எங்கள் முகாமில் சமையல்காரரின் கூலியிலோ உதவியாளரின் கூலியிலோ நாங்கள் கை வைக்கவில்லை. அவர்கள் செய்த வேலையை நாங்கள் செய்யவும் இல்லை, செய்ய எங்களுக்குத் தெரியவும் தெரியாது. ஆனால் ஒன்று நடந்தது. நாங்கள் குனிந்து காகிதம் பொறுக்குவதையும் குழியில் மண் தள்ளுவதையும் பார்த்த பயணிகள், உதவியாளரை ஒருமையில் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். தட்டை அப்படியே போட்டுவிட்டுப் போகாமல் கழுவி அடுக்கினார்கள். உதவியாளரோடு வேலை செய்கிற ஒருவர் அவர்கள் கண்ணுக்கு மதிப்புள்ளவராகத் தெரிந்ததால் வந்த மாற்றம் அது. உண்மையில் வருந்தத்தக்க மாற்றம்தான், உதவியாளருக்கு முதல் நாளே அந்த மரியாதை கிடைத்திருக்க வேண்டும். இருந்தாலும் மாறியது.

இங்கேதான் ஊரின் மறுப்புக்குள் மறைந்திருக்கும் இன்னொன்றைச் சொல்ல வேண்டும். நாங்கள் திரும்பி வந்தபோது உறவினர்கள் சம்பளத்தைப் பற்றிக் கேட்டது கொஞ்சநேரம்தான். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டது: "கக்கூஸ் வேலையெல்லாம் கூடவா செஞ்சீங்க?" அந்தக் கேள்வியில் பொருளாதாரம் துளியும் இல்லை. யார் எந்த வேலையைச் செய்யப் பிறந்தவர்கள் என்ற பழைய கணக்கு அது. கூலிப் பறிப்பு என்ற வாதத்தைப் பேசுகிறவர்களில் சிலராவது தங்கள் மனதைத் தொட்டுப் பார்க்க வேண்டும். இதே தம்பதியர் இலவசமாகப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் போயிருந்தால், ஓர் ஆசிரியரின் கூலியைப் பறித்தார்கள் என்று யாராவது சொல்லியிருப்பார்களா? சொல்ல மாட்டார்கள். பாராட்டுக் கூட்டம் போடுவார்கள்.

1901 டிசம்பரில் கல்கத்தாவில் காங்கிரஸ் மாநாடு நடந்தது. தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த காந்தி பிரதிநிதிகள் தங்கிய இடத்தின் கழிப்பறைகளைப் பார்த்தார். நாற்றம் தாங்கவில்லை. தொண்டர்களிடம் சொன்னார். அது துப்புரவாளர் வேலை என்று அவர்கள் கைவிரித்தார்கள். துடைப்பம் கேட்டு வாங்கித் தானே சுத்தம் செய்தார். தன் வரலாற்றில் அதை எழுதும்போது, அந்தத் தொண்டர்கள் ஆண்டுக்குச் சில நாள் கூடிக் கலைகிறவர்கள் என்பதால் எதையும் கற்காமலே போகிறார்கள் என்றும் குறை சொல்கிறார். எனக்கு இந்த இரண்டாவது குறைதான் முக்கியமாகப் படுகிறது. மூன்று நாள் சேவையில் துடைப்பத்தைத் தொடாமல் தப்பித்துவிடலாம். ஒரு பருவம் முழுக்கத் தங்குகிறவர் தப்பிக்க முடியாது. அவருடைய கழிப்பறையும் அதுதான்.

"இதெல்லாம் வெள்ளைக்காரன் ஊருக்குச் சரி, நம்ம ஊருக்கு ஒத்துவராது" என்பது அடுத்த பேச்சு. ஆடி மாதம் செவ்வாய்ப்பேட்டை மாரியம்மன் பண்டிகைக்கு வண்டி வேடிக்கை கட்டுகிறவர்களைப் பார்த்த ஒருவர் எப்படி இதைச் சொல்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. புராண வேடம் போட்டு வண்டியில் உட்காருகிறவர், அதற்கு அலங்காரம் செய்கிறவர், விளக்கு கட்டுகிறவர், யாரும் அங்கே கூலிக்கணக்கு எழுதுவதில்லை. பட்டறையை மூடிவிட்டு வருகிறார்கள். சித்திரை பிறந்தால் கடைவாசலில் தண்ணீர்ப் பந்தல் போடுகிற வியாபாரிகளை யாரும் ஏமாளி என்று சொல்வதில்லை. சபரிமலையில் மயங்கி விழுந்தவரை ஸ்டிரெச்சரில் தூக்கி ஓடிய ஐயப்ப சேவா சங்கத் தொண்டர்களிடம் யாரும் எவ்வளவு சம்பளம் என்று கேட்டதில்லை. வடலூரில் வள்ளலார் 1867-ல் மூட்டிய தருமசாலை அடுப்பு இன்றும் எரிகிறது. கோடிக்கணக்கானவர் உண்ட சோற்றுக்குப் பின்னால் இருப்பது ஊதியம் பாராத கைகள்.

சம்பளமில்லாத உழைப்பு இந்த மண்ணுக்கு அந்நியமில்லை என்பதற்கு இதற்குமேல் சான்று தேவையில்லை. ஆனால் நம் பழக்கத்தில் ஒரு குறை இருக்கிறது, அதையும் மூடி மறைக்காமல் பேசுவோம். நமக்குக் கொடுக்கத் தெரியும், கொடுத்த பிறகு அங்கேயே இருக்கத் தெரியாது. அன்னதானம் நடக்கும், ஒரு மணி நேரத்தில் அண்டா காலியாகும், படம் எடுத்துக்கொள்வார்கள், வண்டி ஏறிவிடுவார்கள். பாக்குமட்டைத் தட்டும் பிளாஸ்டிக் டம்ளரும் சாலையோரம் பறந்துகொண்டிருக்கும். மறுநாள் விடிகாலையில் அதை அள்ளுவது மாநகராட்சித் தூய்மைப் பணியாளர். பழனிப் பாதயாத்திரைப் பாதையில் தைப்பூசம் முடிந்த மறுநாள் நடந்து பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். முகாமில் தங்குகிறவரின் சேவை, அண்டா காலியான பிறகு தொடங்குகிறது. அதைக் கற்றுக்கொள்ள நமக்கு வாய்ப்பே இல்லாமல் போய்விட்டது. அந்நியமானது எது என்று கேட்டால் தங்குவதைத்தான் சொல்வேன், உழைப்பை இல்லை.

ஆள் எதற்கு, விதியும் அபராதமும் போதாதா என்கிறவர்களும் உண்டு. அவர்கள் கையிலும் நல்ல சான்றுகள் இருக்கின்றன. நீலகிரியில் மதுபாட்டிலுக்குக் கூடுதலாகப் பத்து ரூபாய் வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பத்தைத் திரும்பத் தருகிற ஏற்பாடு 2022-ல் வந்தது. நன்றாகவே வேலை செய்கிறது. வெள்ளியங்கிரி அடிவாரத்தில் தண்ணீர்ப் பாட்டிலுக்கு ஸ்டிக்கர் ஒட்டி முன்பணம் வாங்குகிறார்கள், கீழே இறங்கிக் காட்டினால் பணம் திரும்பும். உதகைக்கும் கொடைக்கானலுக்கும் உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் இ-பாஸ். 2025 கோடையில் வாகன எண்ணிக்கைக்கே வரம்பு வந்தது: நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000. இவை எல்லாம் வேண்டும். ஏற்காட்டுக்கும் ஒரு நாள் இவை தேவைப்படும் என்றே நினைக்கிறேன். மே மாதக் கோடை விழா நாட்களில் இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் வண்டிகள் நிற்பதைப் பார்க்கிறவர்கள் மறுக்க மாட்டார்கள்.

ஆனால் பத்து ரூபாய் முன்பணம் பாட்டிலைத் திரும்பக் கொண்டுவரும், தொலைந்த குழந்தையைக் கொண்டுவராது. இ-பாஸ் எத்தனை வண்டி ஏறியது என்று சொல்லும். இருட்டப்போகிற நேரத்தில் காட்டுமாடு நிற்கிற பாதைக்குள் செருப்போடு இறங்குகிற குடும்பத்தைத் தடுக்காது. கண்காணிப்புக் கேமரா சருகில் விழுந்த சிகரெட்டைப் பதிவு செய்யும், மிதித்து அணைக்காது.

2018 மார்ச் 11-ஐ நம் பகுதியில் யாரும் மறந்திருக்க முடியாது. தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீ. சென்னையிலிருந்து ஒரு குழு, ஈரோடு, திருப்பூரிலிருந்து ஒரு குழு. 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நம்மைப் போன்ற சமவெளிக்காரர்கள், பெரும்பாலும் இளைஞர்கள், விடுமுறையைக் கழிக்கப் போனவர்கள். அடிவாரத்தில் ஒரு தன்னார்வலர் உட்கார்ந்திருந்தால் அத்தனை பேரும் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது இறந்தவர்களுக்குச் செய்யும் அவமரியாதை. ஆனால் அதற்குப் பிறகு நாம் கற்ற பாடம் அனுமதிச் சீட்டு, கட்டணம், தடை என்றே போனது. அந்த மலையின் காற்று இன்று எப்படி வீசுகிறது, புல் எவ்வளவு காய்ந்திருக்கிறது, யார் போனார்கள், யார் இன்னும் திரும்பவில்லை என்பதை அங்கேயே இருந்து பார்க்கிற ஒரு மனிதர் வேண்டும் என்ற பாடத்தை நாம் போதுமான அளவு எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் முகாமில் மாலைத் தலை எண்ணிக்கை காலைக் கணக்கோடு ஒத்துப்போகாதவரை யாரும் சாப்பிட உட்கார மாட்டோம். காகிதத்தில் அது ஒரு விதி. அதை விதியாக நடத்துவது, பசியோடு சரிவைப் பார்த்து நிற்கிற ஒருவர்.

தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தைத் தொடங்கியது. 14 மாவட்டங்களில் 40 பாதைகள், இணையத்தில் முன்பதிவு, உள்ளூர் இளைஞர்களும் பழங்குடி இளைஞர்களும் வழிகாட்டிகள். நல்ல திட்டம். வழிகாட்டியின் வருமானம் அந்த மலைக்கிராமத்தில் தங்குகிறது. அதில் நான் கேட்பது, பாதை தொடங்கும் இடத்தில் பருவம் முழுக்கத் தங்கும் ஒரு தம்பதியர்.

உடனே வரும் நியாயமான எதிர்ப்பை நான் அறிவேன். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலை மலையாளிப் பழங்குடியினரின் ஊர். கொல்லிமலையும் அப்படித்தான். கீழிருந்து போய் அவர்கள் மலையில் உட்கார்ந்து நாட்டாண்மை செய்ய நாம் யார்? எனக்கு எதிராகச் சொல்லப்படும் எல்லாவற்றிலும் என்னை அதிகம் யோசிக்கவைத்தது இதுதான். பதில் இது: அங்கே தங்குகிறவர் மலைக்காரருக்கு எதையும் சொல்லப் போகிறவர் இல்லை. மலைக்காரர் கொல்லிமலையின் ஆகாய கங்கை அருவியில் பிளாஸ்டிக் பாட்டிலை வீசுவதில்லை. அறப்பளீஸ்வரர் கோயில் வாசலில் பிரியாணிப் பொட்டலத்தை விட்டுவிட்டுப் போவது சேலத்திலிருந்தும் நாமக்கல்லிலிருந்தும் ஏறுகிற நாம். நம் ஆட்களிடம் நம் ஆள்தான் பேச வேண்டும். மலையாளி இளைஞன் ஒருவன் வழிகாட்டியாக நின்று, காரில் வந்த செவ்வாய்ப்பேட்டை வியாபாரியிடம் "அண்ணா, அந்த பாட்டிலை எடுத்துக்கோங்க" என்றால் என்ன பதில் வரும் என்பது நமக்குத் தெரியும். அதையே தன் தெருக்காரர் ஒருவர் சொன்னால் எடுப்பார், வெட்கத்தோடாவது எடுப்பார். அந்தச் சுமையை மலைப் பையனின் தலையில் வைக்காமல் நாம் சுமக்க வேண்டும். தங்குகிறவர் யார் என்பதைத் தேர்ந்தெடுக்கிற உரிமையும் வேண்டாம் என்று திருப்பி அனுப்புகிற உரிமையும் அந்த ஊர்க் கிராம வனக்குழுவிடம் இருந்தால் நாட்டாண்மை பற்றிய அச்சமும் தீரும்.

வயதைப் பற்றியும் பேசுகிறார்கள். இந்த வயதில் மலையும் குளிரும் எதற்கு, பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு இருக்கக்கூடாதா என்று. பேரப்பிள்ளைகளைக் கோடை போக மீதி ஒன்பது மாதம் பார்த்துக்கொள்கிறோம். தமிழ்நாட்டில் அரசு ஊழியர் ஓய்வு பெறும் வயது இப்போது 60. அந்த வயதில் உடம்பு ஓய்ந்துவிடுவதில்லை. ஓய்ந்துவிட்டது என்று பிறர் முடிவு செய்துவிடுகிறார்கள். இமயமலைக்குப் போக மருத்துவர் ஒப்புதல் வேண்டும், அதை வாங்காமல் யாரும் கிளம்பக்கூடாது. ஏற்காட்டுக்கு அந்தக் கவலையும் குறைவு.

பெண்களுக்கு இதில் இருக்கிற பொருள் வேறு. வீட்டில் ஆயுள் முழுக்கச் சமைத்து, பரிமாறி, சுத்தம் செய்த ஒருத்தி, முகாமிலும் அதையே செய்ய வேண்டுமா என்று என் மகள் கோபமாகக் கேட்டாள். நியாயமான கோபம். முகாமில் சமையலுக்குக் கூலி வாங்கும் சமையல்காரர் இருந்தார். என் மனைவி அங்கே சமைக்கவில்லை. காலையில் யார் மேலே போகலாம், யார் கீழே இறங்க வேண்டும் என்று முடிவு சொன்னாள். வளர்ந்த ஆண்கள் அவள் முடிவைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள். தம்பதியரை அழைக்கிற எந்த முகாமும் மனைவியை அடுப்படிக்கு அனுப்புமானால் அது தம்பதியரை அழைக்கத் தகுதியில்லாத முகாம்.

ஆகவே கேட்க வேண்டியதைத் தெளிவாகக் கேட்போம். வனத்துறையும் சுற்றுலாத் துறையும் சேர்ந்து ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் மார்ச் முதல் மே வரை பருவத் தங்குநர் என ஓர் இடத்தை உருவாக்கட்டும். தங்க ஓர் அறை, இரண்டு பேருக்குச் சாப்பாடு, போக வரச் செலவு, விபத்துக் காப்பீடு. முதலுதவிக்கும் தீத்தடுப்புக்கும் ஒரு வாரப் பயிற்சி. வேலை என்ன, எது வேலையில்லை என்பது எழுத்தில். தீயணைக்கப் போவது, விலங்கை விரட்டுவது, அபராதம் போடுவது எதுவும் அவருடைய வேலையில்லை. அவை வனக்காப்பாளருடையவை, வேட்டைத் தடுப்புக் காவலருடையவை. அந்தக் காவலர்களில் தற்காலிகமாக இருப்பவர்களை நிரந்தரமாக்கிவிட்டுத் தங்குநரை அழைத்தால் இன்னும் நல்லது.

உத்தரவில் இன்னொரு வரியும் இருக்க வேண்டும். தங்குநர் வந்த காரணத்தால் எந்த வழிகாட்டியின் கட்டணமும், எந்தத் தூய்மைப் பணியாளரின் நாட்கூலியும், எந்தக் காவலரின் பணியிடமும் குறைக்கப்படக்கூடாது. அந்த வரி இல்லாமல் வருகிற அழைப்பை நாங்கள் இருவருமே ஏற்க மாட்டோம். அது இருந்தால், அடுத்த மார்ச்சில் வீட்டுச் சாவியை மகளிடம் கொடுத்துவிட்டு ஏற்காடு பஸ்ஸில் ஏறத் தயாராக இருக்கிறோம்.